டாக்குரியா மாடியில் ஒரு கடைசி பெர்த்

"பெரியம்மா, கண்ணை எடுக்காம அந்த ஃபோல்டரையே பாருங்க. வருது பாருங்க!"

வந்தது! 'ரயில்' என்ற பெயரில் தனியாக உட்கார்ந்திருந்த கோப்புக்குப் பக்கத்தில், அதே பெயரோடு 'ஜர்னல்' என்று வால் ஒட்டிய இன்னொரு கோப்பு திடீரென்று முளைத்து நின்றது. யாரும் அதை உருவாக்கச் சொல்லவில்லை. என் தங்கை மகள் பைத்தான் என்ற நிரல்மொழியின் ஜன்னலில் ஒரே ஒரு வரிதான் அடித்தாள். ஹவுரா–சென்னை மெயிலில் மிச்சமிருக்கும் கடைசி பெர்த்தை ஒரு பயணியின் பெயருக்கு மாற்று என்பதுதான் அந்த வரி.

"இப்ப கமிட் அடிக்கறேன்."

அடித்தாள். மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை அது. வந்த கோப்பைக் காணோம்!

"ஹோயே கேச்சே!" என்று வங்காளத்தில் கத்தினாள். ஆயிற்று, முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவிழாவில் மோடி வித்தைக்காரன் முன்னால் நின்ற குழந்தை மாதிரி, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று பத்து முறையாவது கேட்டிருப்பேன். பத்து முறையும் அவள் செய்து காட்டினாள்.

கொல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாவது மாடியில் தங்கை வீடு. சியால்டாவிலிருந்து கேனிங்குக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் போகும் லோக்கல் ரயில்கள் பால்கனிக்குக் கீழேதான் போவது போல் சத்தம் கேட்கும். மேற்கே கொஞ்சம் நடந்தால் டாக்குரியா ஏரி. இப்போது அதன் பெயர் ரவீந்திர சரோபர். ஏரியைத் தாண்டினால் லேக் மார்க்கெட், அங்கே வாழையிலையும் முருங்கைக்காயும் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் சேர்ந்து 1966-லேயே ஒரு டிரான்சிஸ்டர் கணினியைக் கட்டி ஓடவிட்டவை. இப்படிப்பட்ட பேட்டையில் பிறந்து வளர்ந்த பெண், செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலை பார்க்கிறாள் என்றால் ஆச்சரியம் என்ன இருக்கிறது? திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கவேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒத்திகையின் முதல் மாணவி நான்.

எனக்கு ஒரு கேள்வி வெகுநாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. போன தீபாவளிக்கு ஒரு பயணச் செயலியில் டிக்கெட் போட்டேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. நாலு நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது. அந்த நாலு நாள் என் பணம் எங்கே இருந்தது?

"அதுக்குக் கடைசியில வரேன். முதல்ல ஒரு பெர்த்தை ரெண்டு பேருக்கு வித்துக் காட்டறேன்" என்றாள்.

அவள் கட்டியிருந்தது ஒரு பொம்மை ரயில். பத்துப் பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப் கட்டிய தூங்கும் வசதிப் பெட்டி மாதிரி, பெட்டிக்கு 72 பெர்த். மொத்தம் 720 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெட்டி, பெர்த் எண், பயணி பெயர், பி.என்.ஆர். எண். 719 வரிகள் நிரம்பியவை, ஒன்று மட்டும் காலி. இவ்வளவும் ஒரே கோப்புக்குள், எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் வெளியிட்டது அது. போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, தனியாக ஒரு சர்வர் ஓடாவிட்டாலும் வேலை செய்கிற தரவுத்தளம் வேண்டும் என்ற நினைப்பில் பிறந்தது. 2006-ல் பைத்தான் 2.5 வந்ததிலிருந்து பைத்தானுக்குள்ளேயே அது கிடக்கிறது. தனியாக எதையும் வாங்கவும் வேண்டாம், நிறுவவும் வேண்டாம்.

நிஜ ரயில்வேயின் முன்பதிவு பைத்தானில் தொடங்கியதல்ல. பைத்தான் வெளியே வந்ததே 1991-ல். டெல்லியில் 1980-களின் நடுவிலேயே முன்பதிவு கணினிக்குப் போய்விட்டது. பிறகு கல்கத்தா, சென்னை, மும்பை, செகந்திராபாத் என்று, டெல்லியையும் சேர்த்து ஐந்து மையங்கள் தனித்தனியாக ஓடின. ஐந்தையும் இணைத்து, எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற நிலை 1999 ஏப்ரலில் வந்தது. அந்த வேலையைச் செய்தது கிரிஸ் என்ற ரயில்வேயின் சொந்தத் தகவல் மையம், செயலிக்கு வைத்த பெயர் 'கான்சர்ட்'. இன்றும் உங்கள் பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 அல்லது 5 என்றால் சென்னை மையம், 6 அல்லது 7 என்றால் கொல்கத்தா மையம்! இதைக் கேட்டதும் நான் கைப்பையைக் கவிழ்த்துப் பழைய டிக்கெட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

சரி, வித்தைக்கு வருகிறேன்.

திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். இருவரும் ஒரே கேள்வி கேட்டோம்: காலி பெர்த் எத்தனை? எனக்கு 1 என்று வந்தது. அவளுக்கும் 1. இரண்டுமே அந்த நொடியில் உண்மை. "இருக்கு, எடுத்துக்கோ" என்று என் பெயரை எழுதி, கமிட் அடித்தேன். கை தட்டினேன். ஒரு நிமிஷம் கழித்து அவள் தன் பெயரை எழுதி, கமிட் அடித்தாள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. மறுபடி பட்டியலைக் கேட்டால், அந்த பெர்த்தில் அவள் பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை!

"எனக்கு உறுதியாயிடுச்சுன்னு சொன்னியேடி!"

"சொன்னது பொய்யில்லை பெரியம்மா. நீங்க பார்த்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கில்ல, அதுலதான் நான் நுழைஞ்சேன்."

அந்த இடைவெளியை அடைக்கத்தான் 'டிரான்சாக்‌ஷன்'. தமிழில் பரிவர்த்தனை என்கிறோம். பார்ப்பது, எழுதுவது, பணம் கழிப்பது என்று மூன்று வேலை இருந்தாலும், அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிடவேண்டும். நடந்தால் மூன்றும் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. பெர்த் கதைக்கு அவள் காட்டிய மருந்து ஒரே வரி. 'என் பெயரை எழுது' என்பதற்குப் பதில், 'காலியாக இருந்தால் மட்டும் என் பெயரை எழுது' என்று கட்டளையிட்டு, உடனே எத்தனை வரி மாறியது என்று பைத்தானிடம் கேட்கவேண்டும். 'ரோகவுண்ட்' என்று அதற்கு ஒரு பெயர். மறுபடி ஆடினோம். எனக்கு 1 வந்தது. அவளுக்கு 0! என் பெர்த் எனக்கே! முதலிலேயே 'பிகின் இம்மீடியட்' என்று சொல்லி எழுதும் உரிமையைக் கைப்பற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு பார்ப்பது இன்னொரு வழி. அப்படிச் செய்தபோது அவளுடைய ஜன்னல் அசையாமல் நின்றது. சரியாக ஐந்து வினாடி. பைத்தானில் யாரும் மாற்றாவிட்டால் காத்திருக்கும் நேரம் அதுதான். பிறகு 'தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது' என்று சிவப்பில் புலம்பியது. அந்த ஐந்து வினாடியும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வித்தைதான் உச்சம். தங்கை கணவரின் பழைய மேஜைக் கணினி. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதமாயிற்றாம். "இதைவிட நல்ல கருவி கிடைக்காது" என்றாள் இவள். பெர்த்தை என் பெயருக்கு மாற்றினாள். ஜர்னல் கோப்பு முளைத்தது. அதே ஜன்னலில் கேட்டால் என் பெயர் தெரிகிறது. கமிட் அடிக்கவில்லை.

"இப்ப சுவிட்சை அணைச்சுடுங்க பெரியம்மா."

"சுவரிலேயா?"

"சுவரிலேயேதான்!"

அணைத்தேன். திரை செத்தது. சமையலறையிலிருந்து தங்கை, "என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்? லோட்ஷெடிங்கா?" என்று குரல் கொடுத்தாள். இந்த ஊரில் மின்வெட்டுக்கு இன்னும் அதுதான் பெயர். சித்திரை மாதக் காலபைசாகிப் புயல் அடிக்கும் சாயங்காலங்களில் இந்தச் சொல்லைத் தெருவெல்லாம் கேட்கலாம்.

கணினியை மறுபடி உயிர்ப்பித்து, தரவுத்தளத்தைத் திறந்து, அந்த பெர்த்தைக் கேட்டோம். காலி! என் பெயரின் சுவடுகூட இல்லை. மற்ற 719 பேரும் அவரவர் இடத்தில் பத்திரமாக இருந்தார்கள்.

ரகசியம் அந்த ஜர்னல் கோப்பில் இருக்கிறது. எதையாவது மாற்றுவதற்கு முன்பு, பழைய பக்கம் எப்படி இருந்தது என்று எஸ்கியூலைட் அதில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடித்து எழுதுவதற்கு முன்னால் அசலை நகல் எடுத்து வைக்கும் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கும்போது நகலைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடும். கமிட் என்பது எந்த நொடியில் நடக்கிறது தெரியுமா? அந்த ஜர்னல் கோப்பு அழிகிற நொடியில்! அது இருக்கும்வரை திரும்பிப் போகலாம். அழிந்துவிட்டால் திரும்ப வழியில்லை. முதலில் நான் பத்து முறை பார்த்தேனே, அந்த மறைவே கமிட். ஏதோ தூரத்து அடையாளத்தைப் பார்த்துவிட்டதாக அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தது சாட்சாத் அதையே!

பெரிய தரவுத்தளங்கள் பல இதைத் திருப்பிப்போட்டுச் செய்கின்றன. மாற்றப்போவதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டு, பிறகுதான் அசலைத் தொடும். விழுந்து எழுந்தால், நாட்குறிப்பைப் படித்து நடந்ததை மறுபடி நடத்தி, முடிக்காமல் விட்ட மூட்டைகளை மட்டும் பின்னோக்கி அவிழ்க்கும். இந்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். இதை 1992-ல் முழுமையாக எழுதி வெளியிட்ட ஐவரில் முதல் பெயர் சி.மோகன். நம்மூர்க்காரர்! தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து, 1977-ல் அமெரிக்கா போய், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய நாற்பது வருஷம் இருந்தவர். உலகத்தின் வங்கிக் கணக்குகள் பல, மின்சாரம் போனாலும் சரியாக எழுந்து நிற்பதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம். இவரைப் பற்றி நம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

மண் குவளையில் டீ வந்தது. ஜால்முரிப் பொட்டலமும் வந்தது. அடுத்தது விடைகளை வாங்குவது.

கேள்வி கேட்டவுடன் பைத்தான் விடைகளை மொத்தமாக நம் மடியில் கொட்டிவிடாது. கர்சர் என்ற ஒருவனை நிறுத்தி வைக்கும். அவனிடம் மூன்று விதமாக வாங்கலாம். 'ஃபெட்ச்ஒன்' என்றால் ஒரு வரி. 'ஃபெட்ச்மெனி' என்றால் சொன்ன அளவு. 'ஃபெட்ச்ஆல்' என்றால் மிச்சம் இருப்பதெல்லாம். எந்தத் தரவுத்தளமானாலும் பைத்தானில் இதே பெயர்கள்தான் இருக்கவேண்டும் என்று 1999-ல் மார்க்-ஆந்த்ரே லெம்பர்க் பொறுப்பில் ஓர் உடன்பாடு எழுதினார்கள். பெப் 249 என்பது அதன் பெயர். பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொண்டேன். எந்தக் கல்யாணமானாலும் 'இன்னும் கொஞ்சம்' என்றால் புரிந்துகொள்கிறாரே, அப்படி.

72 என்று சொல்லி ஃபெட்ச்மெனி அடித்தாள். முதல் பெட்டி முழுக்க வந்தது! மறுபடி அடித்தாள். இரண்டாவது பெட்டி! ரயில் பெட்டி பெட்டியாகத் திரையில் ஓடியது. எண்ணைச் சொல்ல மறந்தால் ஒன்றே ஒன்றுதான் வரும், அது வழக்கம். வாங்கிய வரி போனது போனதுதான், கர்சர் பின்னால் வராது. பிளாட்பாரத்தைத் தாண்டிய லோக்கல் மாதிரி. எல்லாம் தீர்ந்த பிறகு ஃபெட்ச்ஒன் கேட்டால் 'நன்' என்று வெறுங்கை காட்டுவான். ஃபெட்ச்ஆல் கேட்டால் காலிப் பட்டியலைத் தருவான். வெறுங்கைக்குள் முதல் பொருளைத் தேடிப்போய்த்தான் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் விழுகிறார்கள் என்றாள்.

போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய தரவுத்தளத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே பைத்தானுக்குப் பாலமாக இருக்கும் சைக்கோபிஜியின் சாதாரண கர்சர், கேள்வி கேட்டவுடனேயே விடை முழுவதையும் நம் கணினிக்கு இழுத்து வந்துவிடும். ஃபெட்ச்ஒன் என்று நாம் சிக்கனமாகக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கோடி வரி என்றால் நினைவகம் திணறும். கர்சருக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால், அது சர்வரிலேயே நின்றுகொண்டு தவணை தவணையாக அனுப்பும். பெயர் வைத்தால் பொறுப்பு வருகிறது!

இனி நான் மறக்கவே மாட்டாத விஷயம். வலது ஜன்னலில் அவள் 720 வரிகளைக் கேட்டு, ஒரு பெட்டி மட்டும் வாங்கிவிட்டு, அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இடது ஜன்னலில் நான் ஒரு பெயரைத் திருத்தி கமிட் அடித்தேன். நின்றது. ஐந்து வினாடி. பூட்டப்பட்டிருக்கிறது!

"நீ எதையும் எழுதவே இல்லையேடி, படிச்சுதானே பார்த்தே?"

"பாதி படிச்சுட்டு நிறுத்தினேன் பெரியம்மா. நான் படிச்சு முடிக்கிறவரைக்கும் யாரும் கீழே இருக்கறதை மாத்தக் கூடாதில்ல?"

மிச்சத்தை ஃபெட்ச்ஆல் போட்டு வாங்கினாள். என் கமிட் மறு முயற்சியில் வழுக்கிக்கொண்டு போனது. வாங்குவதும் எழுதுவதும் வேறு வேறு பாடங்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகளாம்! அலுவலகத்தில் நள்ளிரவு அழைப்பு வந்து எழுந்து போய்ப் பார்த்தால், யாரோ ஒருவர் பாதியில் விட்ட கர்சர்தான் பெரும்பாலும் குற்றவாளி என்றாள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்த இடமும் ஒன்று உண்டு. ஒரு பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பயணியைத் தேடவேண்டும். அந்த எண்ணைக் கேள்விக்குள் ஒட்டவே கூடாது, யாராவது எண்ணுக்குப் பதில் கட்டளையை எழுதி அனுப்பினால் தரவுத்தளமே போய்விடலாம். கேள்வியில் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டு, எண்ணைத் தனியாக அடைப்புக்குள் தரவேண்டும். மேற்கோள் குறிகளுக்குள் எழுதித் தந்தேன். 'ஒரு மதிப்புதான் வேண்டும், பத்து தந்திருக்கிறாய்' என்றது பைத்தான். நான் தந்தது ஒரே எண்! அது இலக்கம் இலக்கமாகப் பிரித்துப் பார்த்துவிட்டது. பி.என்.ஆருக்குப் பத்து இலக்கம் அல்லவா? அடைப்பை மூடும் முன் ஒரு காற்புள்ளி வைத்தேன். பயணி வந்துவிட்டார்! ஒரு காற்புள்ளிக்காக நான் துள்ளியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

பைத்தானின் 'வித்' என்ற கட்டை நம்பலாம். உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தால் அதுவே கமிட் அடிக்கும், பிழை வந்தால் அதுவே ரோல்பேக் அடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஆனால் எஸ்கியூலைட் இணைப்பை அது மூடாது, அதை நாம்தான் மூடவேண்டும். கமிட் அடிக்காமல் மூடினாலோ, அத்தனை எழுத்தும் காற்றில் போகும். 'நேற்று சேர்த்தேனே, எங்கே காணோம்?' என்று தேடும் புதியவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பதில் இதுதானாம்.

இருட்டிவிட்டது. என் நாலு நாள் பணத்தின் கதையைக் கேட்டேன். டாக்குரியா மாடியில் இருந்தது ஒரே கோப்பு, அதனால் ஒரே கமிட் போதும். என் பணம் வங்கியின் ஏட்டில், பெர்த் இன்னொரு ஏட்டில். இரண்டு ஏடுகளையும் ஒரே நொடியில் மூடுவது கடினம். அதற்கு இரண்டு கட்டமாகக் கேட்கும் முறை உண்டு. முதலில் 'தயாரா?' என்று எல்லோரிடமும் கேட்டு, எல்லோரும் தயார் என்றால்தான் 'முடி' என்பது. பைத்தானின் அந்த உடன்பாட்டிலும் இதற்கென்று கட்டளைகள் இருக்கின்றன. 1986-ல் மோகனும் இரண்டு சகாக்களும் எழுதிய ஆய்வில், தகவல் தொலைந்து போனால் 'நடக்கவில்லை' என்றே கொள்வது என்ற விதியும் வருகிறது. ஆனால் வெவ்வேறு நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படிக் கைகோத்துக்கொள்வதில்லை. பணத்தை முதலில் கழித்துவிட்டு, டிக்கெட் விழாவிட்டால், பிறகு இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள். என் பணம் தொலையவில்லை. அந்த நாலு நாளும் ஒப்பிடுவதற்காகக் காத்திருந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணினியில் பைத்தான் இருந்தால் இன்று ராத்திரியே இரண்டு ஜன்னல் திறந்து, பக்கத்தில் ஃபோல்டரையும் திறந்து வையுங்கள். ஒரு வரியை மாற்றுங்கள், கமிட் அடிக்காமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள். ஜர்னல் கோப்பு வந்து நிற்பதைப் பார்த்த பிறகு அடியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.